நீச்சல் குளம்: டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்

(கட்டுமானம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் பதில் அளிக்கும் பகுதி. டெல்டா மாவட்டங்களில் தோப்புகளிலும் வயல் ஓரங்களிலும் தங்கும் விடுதிகள் பெருகியதிலிருந்து நீச்சல் குளத்தின் உட்பூச்சு பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் ஆறு இங்கே.)

திருவையாற்றுக்கு அருகிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தென்னந்தோப்பில் விருந்தினர்களுக்காக 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழத்தில் ஒரு கான்கிரீட் குளம் கட்டியிருக்கிறோம். உள்பக்கத்துக்கு மூன்று பேரிடம் விலை கேட்டோம். ரப்பர் வகைப் பெயின்ட் அடிக்க 35,000 ரூபாய், பீங்கான் டைல்ஸ் ஒட்ட 1,00,000 ரூபாய், கண்ணாடி மொசைக் ஒட்ட 1,75,000 ரூபாய் என்கிறார்கள். முதலில் பெயின்ட் அடித்துவிட்டு, வருமானம் வந்த பிறகு டைல்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். சரியா?

பதில்: முதலில் பரப்பளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தரை 200 சதுர அடி, நான்கு சுவர்களும் சேர்ந்து 240 சதுர அடி, ஆக 440 சதுர அடி. உங்களுக்கு வந்த விலைகளை இதனால் வகுத்தால் பெயின்ட் சதுர அடிக்கு ஏறத்தாழ 80 ரூபாய், பீங்கான் 227 ரூபாய், கண்ணாடி 398 ரூபாய் ஆகின்றன. இப்படிச் சதுர அடிக்கு இறக்கிப் பார்க்காமல் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால், ஒருவர் படிக்கட்டையும் விளிம்புக் கல்லையும் சேர்த்து, இன்னொருவர் சேர்க்காமல் சொல்லியிருப்பது கண்ணில் படாது.

அடுத்தது ஆயுள். ரப்பர் வகைப் பெயின்ட் 2 அல்லது 3 ஆண்டுகளில் வெளுத்து, கையில் சுண்ணாம்பு போல ஒட்டத் தொடங்கும். எப்பாக்சி பெயின்ட் நன்றாக அடிக்கப்பட்டால் 5 முதல் 7 ஆண்டுகள் வரை நிற்கும். பீங்கான் டைல்ஸ் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தால் 15 ஆண்டுகளைத் தாண்டும். கண்ணாடி மொசைக் 20 ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். உங்களுக்கு வந்த விலையிலேயே 15 ஆண்டுக் கணக்குப் போடுவோம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வீதம் ஐந்து முறை பெயின்ட் அடித்தால், விலையே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், 1,75,000 ரூபாய் ஆகிறது. கண்ணாடி மொசைக்குக்குக் கேட்ட அதே தொகை! அதற்கு மேல், ஒவ்வொரு முறையும் குளத்தை முழுவதுமாக இறைத்துவிட்டு, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, பத்துப் பதினைந்து நாட்கள் அறைகளை வாடகைக்கு விடாமல் வைத்திருக்க வேண்டும். நம் பகுதியில் குளத்தை இறைப்பது செலவு மட்டுமன்று, ஆபத்தும்கூட. அதைக் கீழே நாகப்பட்டினம் வாசகருக்கு எழுதியிருக்கிறேன்.

பெயின்ட்டுக்கு மேல் டைல்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். பசை பிடிப்பது கான்கிரீட்டையோ சிமெண்ட் பூச்சையோதான். பெயின்ட் மேல் ஒட்டிய டைல்ஸ் பெயின்ட்டைத்தான் பிடித்திருக்கும். பெயின்ட் உரியும்போது டைல்ஸும் சேர்ந்து உரியும். எனவே அன்றைக்கு அந்தப் பெயின்ட் முழுவதையும் இயந்திரம் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும், அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

என் யோசனை: தரைக்கும் சுவருக்கும் நீர் உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்குள் இருக்கும் போர்சலின் வகை டைல்ஸைப் போடுங்கள். அழகு வேண்டுமானால் தண்ணீர் மட்டம் நிற்கும் விளிம்பை ஒட்டி மட்டும் அரையடி அகலத்துக்குக் கண்ணாடி மொசைக்கை ஒட்டுங்கள். எண்ணெயும் அழுக்கும் படிவது அந்தக் கோட்டில்தான். கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தாலே போதும். படிகளுக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போடுவதை மறந்துவிடாதீர்கள்.

மூன்று விலைப்பட்டியல்களிலும் வாட்டர் புரூஃபிங் என்ற ஒரு வரி இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் அந்த மூன்றுமே முழுமையான விலைகள் அல்ல. டைல்ஸோ பெயின்ட்டோ தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. டைல்ஸுக்கு இடையில் உள்ள கிரவுட் (இடைவெளியை அடைக்கும் கலவை) வழியாகத் தண்ணீர் உள்ளே போகவே செய்யும். தண்ணீரைத் தடுப்பது கான்கிரீட்டும் அதன் மேல் பூசும் வாட்டர் புரூஃபிங்கும்தான். இதற்கென்றே இந்தியத் தரநிலைகள் உள்ளன: நீர்த்தொட்டிக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 3370, நீச்சல் குள வாட்டர் புரூஃபிங்குக்கு ஐ.எஸ். 6494. ஒப்பந்தத்தில் இந்த எண்களை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பூச்சு முடிந்தவுடன், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், குளத்தை நிரப்பி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் வையுங்கள். வாளியில் வெயிலுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் குளத்திலும் குறைய வேண்டும். அதற்கு மேல் குறைந்தால் கசிவு இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யவிடாமல் அவசரப்படுத்தும் ஒப்பந்தக்காரரை நான் நம்ப மாட்டேன்.

மன்னார்குடி வாசகி ஒருவர்: ஆத்தங்குடி டைல்ஸை நீச்சல் குளத்துக்குள் போடலாமா? அல்லது கோயில் குளங்களைப் போலச் சுண்ணாம்பும் கடுக்காயும் சேர்த்துப் பூசலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுட்டது அன்று; கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக வைப்பது. கூடத்தில், காலடி பட்டுப் பட்டு மெருகேறும். குளோரின் கலந்த தண்ணீருக்குள் இருந்தால் அதன் மேல்தோல் அரித்துச் சொரசொரப்பாகிவிடும். குளத்தைச் சுற்றியுள்ள நிழல் வராந்தாவில் தாராளமாகப் போடுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சும் அமிலத்துக்கு ஆகாது. நீச்சல் குளத் தண்ணீரைச் சரிசெய்ய நாம் அடிக்கடி அமிலம் சேர்க்கிறோம். தவிர, கோயில் குளத்தோடு நீச்சல் குளத்தை ஒப்பிடவே கூடாது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்லப்படும் திருவாரூர்க் கமலாலயமானாலும், உங்கள் ஊர் ஹரித்ரா நதித் தெப்பக்குளமானாலும், சுற்றிலும் கல் படிகள் இருக்கும், அடியில் மண் இருக்கும். நிலத்தடி நீர் ஏறினால் குளத்தில் தண்ணீர் ஏறும், இறங்கினால் இறங்கும். அந்தக் குளங்கள் ஊற்றோடு சண்டை போடுவதில்லை. நீச்சல் குளமோ பூமிக்குள் இறக்கி வைத்த மூடிய தொட்டி.

பாபநாசம் வாசகர்: குளம் கட்டி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சுவரில் மொசைக் டைல்ஸ் அடை அடையாக விழுகிறது. குளோரின் அதிகம் போட்டதால் பசை அரித்துவிட்டது என்கிறார் ஒப்பந்தக்காரர். அவர் சொல்வது உண்மையா? பக்கத்திலுள்ள டைல்ஸை எப்படிச் சோதிப்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களில் விழுந்த டைல்ஸின் பின்பக்கம் தெரிகிறது. அதுவே பதில் சொல்லிவிட்டது. பின்னால் வெள்ளை வலை ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்த வலை ஏறக்குறைய சுத்தமாக இருக்கிறது. சுவரில் பல் கரணையால் இழுத்த பசை வரிகள், வயலில் ஏர் ஓட்டிய சால் போல, நசுங்காமல் அப்படியே நிற்கின்றன. அதாவது பசை டைல்ஸைத் தொட்டதே அந்த வரிகளின் முகட்டில் மட்டும்தான். வரிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில் தண்ணீர் புகுந்து, முகட்டில் இருந்த கொஞ்சப் பிடிப்பையும் தளர்த்திவிட்டது. குளோரின் மீது பழி போடுவதற்கு இங்கே இடம் இல்லை.

நீருக்கடியில் ஒட்டும்போது டைல்ஸின் முதுகு முழுவதும் பசையில் பதிய வேண்டும். சுவரில் பல் கரணையால் இழுத்துவிட்டு, டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுத்து, மரப்பலகை வைத்துத் தட்டிப் பதிய வைக்க வேண்டும். வேலை நடக்கும்போதே பத்து அடைகளுக்கு (சில்லுகளை வலையிலோ காகிதத்திலோ சேர்த்து ஒட்டிய தாள்தான் அடை) ஒன்றை உடனே பிரித்துப் பார்த்தால் பின்னால் வெற்றிடம் இருப்பது தெரிந்துவிடும். முன்பக்கம் காகிதம் ஒட்டிய மொசைக் இதற்கு மேலானது. ஒட்டிய பிறகு காகிதத்தை நனைத்து உரித்துவிடுவார்கள், முதுகில் பசையைத் தவிர வேறொன்றும் இருக்காது. வலை ஒட்டியதை வாங்குவதானால், ஓர் அடையை ஒரு வாரம் வாளித் தண்ணீரில் போட்டுவையுங்கள். கையால் இழுத்தவுடன் வலை கழன்றுவந்தால் அது குளியலறைச் சுவருக்கு மட்டுமே ஆகும்.

பசையின் வகையும் முக்கியம். வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டும் பழக்கம் நம் பகுதியில் இன்னும் போகவில்லை. பாலிமர் சேர்ந்த சி2 தரப் பசையைக் கேட்டு வாங்குங்கள். பசைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15477. கண்ணாடி மொசைக்குக்கு வெள்ளைப் பசையே வேண்டும், சாம்பல் நிறப் பசையின் வரிகள் கண்ணாடி வழியே தெரியும்.

மிச்சம் உள்ளதைச் சோதிக்க ஐந்து ரூபாய் நாணயம் போதும். டைல்ஸின் மேல் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாகப் பிடித்த இடத்தில் 'டிக்' என்று கெட்டியாகக் கேட்கும், பிடிக்காத இடத்தில் காலிக் குடத்தைத் தட்டியது போலக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். சுவரில் பாதிக்கு மேல் வட்டமாக இருந்தால் ஒட்டுப் போடுவதில் பயனில்லை, அந்தச் சுவரை முழுவதும் பெயர்க்க வேண்டியதுதான்.

கும்பகோணத்தில் விடுதி நடத்தும் வாசகர்: எங்கள் குளத்தில் வெள்ளை சிமெண்ட்டும் மார்பிள் தூளும் கலந்த பூச்சு. மூன்றாம் ஆண்டிலேயே உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகிக் குழந்தைகளின் கால் கீறுகிறது. தரையில் வட்ட வட்டமாக வெளுத்த தடங்களும், ஓரங்களில் தேநீர் நிறக் கறையும் உள்ளன. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

பதில்: இந்தப் பூச்சு 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம்தான்; ஒழுங்கான பராமரிப்பில் 7 முதல் 10 ஆண்டுகள் வரும். ஒவ்வொரு ஆசிட் கழுவலும் அதில் ஒரு தோலை உரித்து எடுக்கிறது. எனவே ஆசிட் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மூன்று குறைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வட்டத் தடங்கள் குளோரின் மாத்திரையால் வந்தவை. மாத்திரையை மிதவைக்குள் போடாமல் நேரே குளத்துக்குள் எறிகிறார்கள். அது அமிலத்தன்மை உடையது. விழுந்த இடத்தில் உட்கார்ந்து கரையும் வரை அடியிலுள்ள சிமெண்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். யார் எறிகிறார் என்று விசாரித்து நிறுத்துங்கள்.

சொரசொரப்பு, தண்ணீருக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாமையால் வந்தது. தண்ணீரில் கால்சியம் குறைவாக இருந்தால் அது தனக்கு வேண்டியதைப் பூச்சிலிருந்து எடுத்துக்கொள்ளும். பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7.2 முதல் 7.8 வரையிலும், காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரையிலும், கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். வரையிலும் இருக்க வேண்டும். உங்கள் போர் தண்ணீர் கடினமானதாகவே இருக்கலாம், ஆனால் மழையை மறந்துவிடுகிறோம். மழைநீரில் கால்சியம் அநேகமாக இல்லை. 20க்கு 10 அடிக் குளத்தில் ஒரே இரவில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தால் 3,700 லிட்டர் சேர்கிறது. 4 அடி ஆழத்தில் அந்தக் குளம் கொள்வதே ஏறத்தாழ 22,600 லிட்டர். ஆறில் ஒரு பங்கு தண்ணீர் ஒரே இரவில் மாறிவிடுகிறது! ஐப்பசி, கார்த்திகையில் வாரம் இரு முறை சோதித்துக் கால்சியம் குளோரைடு சேர்த்தால்தான் பூச்சு பிழைக்கும். மாத்திரையை மட்டுமே நம்பும் குளங்களில் பி.எச்.சும் தொடர்ந்து இறங்கும்; சமன் செய்யச் சோடா உப்பு சேர்க்க வேண்டும்.

தேநீர்க் கறை பெரும்பாலும் போர் தண்ணீரிலுள்ள இரும்பு. மருந்துக்கடை வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறையின் மேல் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். அந்த இடம் மட்டும் வெளுத்தால் இரும்புதான். அடுத்த முறை குளத்தை நிரப்புவதற்கு முன்பு, ஒரு வெள்ளை வாளியில் போர் தண்ணீரைப் பிடித்துச் சிறிது பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மறுநாள் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் இரும்பை நீக்கும் வடிகட்டி இல்லாமல் அந்தத் தண்ணீரைக் குளத்துக்கு விடாதீர்கள்.

சொரசொரப்பை வைரத் தகடு கொண்டு மெல்லத் தேய்த்து ஓரளவு சமன் செய்யலாம். அதற்கு மேல் அரித்திருந்தால் மறுபூச்சுத்தான். மறுபூச்சின்போது குவார்ட்ஸ் மணல் கலந்த கலவையைக் கேளுங்கள்; விலை கூடுதல், ஆனால் 10 ஆண்டுகளைத் தாண்டும்.

நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்: பழைய டைல்ஸை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். கார்த்திகையில் விருந்தினர் வருகை குறைவு என்பதால் அப்போது குளத்தை இறைத்துவிட்டு வேலை தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து தொடங்காதீர்கள். இந்த இதழில் நான் எழுதும் மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் இதே தவற்றை நானே செய்திருக்கிறேன். கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதிக் குளம். மழைக்காலத்தில் இறைத்துவிட்டு, மாலையில் கருவிகளை உள்ளேயே வைத்துவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தபோது குளத்தின் ஒரு மூலை, சுற்றியிருந்த நடைபாதையைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. குழாய்கள் முறிந்திருந்தன. தரையில் மூலைக்கு மூலை விரிசல். டைல்ஸ் மாற்றப் போய்க் குளத்தையே மாற்றினோம்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 20க்கு 10 அடி, 4 அடி ஆழமுள்ள குளத்துக்கு ஆறு அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட்டிருந்தால் அந்த ஓட்டின் எடை ஏறத்தாழ 17 டன். வெளியே நிலத்தடி நீர் குளத்தின் தரைக்கு மேல் 3 அடி வரை ஏறியிருந்தால், அது ஓட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 23 டன். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும்போது அதன் எடை வேறு 22 டன்னுக்கு மேல் இருப்பதால் குளம் அசையாது. இறைத்துவிட்டால் அது ஓடம். ஃபைபர் தொட்டிகள் இன்னும் இலேசானவை, அவை இன்னும் சீக்கிரம் மிதக்கும்.

டெல்டாவில் நிலத்தடி நீர் மிகத் தாழ்ந்திருப்பது பங்குனி முதல் வைகாசி வரை. வழக்கமான ஆண்டில் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, வாய்க்கால்களில் தண்ணீர் வந்து, வயலில் நீர் கட்டிய பிறகு மட்டம் ஏறத் தொடங்கிவிடும். அதற்குள் வேலையை முடியுங்கள். குளத்தின் ஓரத்தில், அடிமட்டத்துக்கும் கீழே ஓரடி வரை, துளையிட்ட நாலு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை ஜல்லி சுற்றி இறக்கி வையுங்கள். ஒரு நூலில் கல்லைக் கட்டி அதற்குள் விட்டால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். குளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே நின்றால்தான் இறைக்கலாம். புதிதாகக் கட்டுபவர்கள் அடித்தள வடிகாலுக்குள் ஒருவழி வால்வு வைக்கச் சொல்லுங்கள். வெளியழுத்தம் மிஞ்சும்போது அது திறந்து ஊற்று நீரை உள்ளே விட்டுவிடும். குளம் அழுக்காகும், ஆனால் தப்பிக்கும்.

கோடையில் வேறொரு சிக்கல் உண்டு: அக்கினி நட்சத்திர வெயிலில் பசை, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தோல் கட்டிவிடும். குளத்தின் மேல் கீற்றுப் பந்தல் போட்டு, காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் ஒட்டச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதிக்கு இன்னொன்று. கலவைக்கு உப்புத் தண்ணீரைத் தொடக் கூடாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. மீறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, நீங்கள் எவ்வளவு உயர்ந்த டைல்ஸ் போட்டிருந்தாலும் பின்னாலிருந்து தள்ளிவிடும். லாரித் தண்ணீருக்குச் செய்யும் செலவு வீணாகாது.

பட்டுக்கோட்டை வாசகர்: வேலை முடிந்து எத்தனை நாளில் தண்ணீர் நிரப்பலாம்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: உட்பூச்சைப் பொறுத்தது, அதனால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். டைல்ஸ் என்றால் கிரவுட் அடித்து இரண்டு வாரமாவது விடுங்கள், மூன்று வாரம் என்றால் நல்லது. பிறகு மெதுவாக, நாளுக்கு இரண்டடி வீதம் ஏற்றுங்கள். எப்பாக்சி பெயின்ட் என்றால் ஒரு வாரம். ஆனால் பெயின்ட் அடிப்பதற்கு முன்பு, ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் கான்கிரீட் இன்னும் காயவில்லை. அதன் மேல் அடித்த பெயின்ட் கொப்புளமாகத்தான் எழும்பும். வெள்ளை சிமெண்ட் பூச்சு இதற்கு நேர்மாறு: கை வைத்தால் பதியாத அளவுக்கு இறுகியதும், ஒரு நாளுக்குள், நிரப்பத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கினால் நிறுத்தவும் கூடாது; பாதியில் மோட்டார் நின்றால், நின்ற மட்டத்தில் ஒரு கோடு விழுந்து அது போகவே போகாது. மின்வெட்டு அறிவிக்காத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள், ஜெனரேட்டருக்கு டீசலும் வாங்கி வையுங்கள்.